புயல் ஆடாத ஆட்டம்

கண்ணாடி தரையில் நின்றிருந்தது. நடைவழிச் சுவரில் மாட்டியிருக்க வேண்டிய பெரிய கண்ணாடி. யாரோ அதை அலுங்காமல் கழற்றி, சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"திருடன் போறப்ப தலை சீவிட்டுப் போயிருக்கான் மேடம். நிதானமான ஆளு," என்றான் கொசுறு.

மேடம் சிரிக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைத் தோண்டித் தோண்டி அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். அலுவலகத்துக்குப் பழைய மேசை ஒன்று வாங்கியபோது அதை ஏற்றிக்கொண்டு வந்தவன்தான் இவன். மேசையை இறக்கி வைத்தவன் கிளம்பாமல் பேசிக்கொண்டே நின்றுவிட்டான். "மேசைக்குக் கொசுறா?" என்று மேடம் கேட்டது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது.

"இந்தக் கண்ணாடிக்குப் பின்னால என்னம்மா இருந்தது?" என்று மேடம் வீட்டுக்காரப் பெண்ணைக் கேட்டார்.

"சுவருதான் மேடம். வேற ஒண்ணும் கிடையாது."

அவள் பல்செட் செய்பவள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரித் தட்டுகள் நிறைய ஊர்க்காரர்களின் வாய்கள், பிளாஸ்டர் அச்சுகளாக, வரிசையாக உட்கார்ந்திருந்தன. பல் உறை செய்ய டாக்டர் நம்பிக் கொடுத்திருந்த தங்கம் இரும்புப் பெட்டியில் இருந்தது. முந்தாநாள் மதியம் அவள் டாக்டரிடம் போயிருந்தபோது யாரோ பின்கதவு வழியாக வந்து, பெட்டியைச் சாவி போட்டுத் திறந்து, தங்கத்தை எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டில் வேறொரு பொருளும் இடம் மாறவில்லை, இந்தக் கண்ணாடியைத் தவிர.

"போலீசுக்கு ஏன் போகல?"

அவள் முந்தானையைத் திருகினாள். "போனா என் தம்பியைத்தான் பிடிப்பாங்க. நானே அவனைத்தான் சொன்னேன் மேடம். நீதானேடா எடுத்தேன்னு கேட்டேன். பையைத் தூக்கிட்டுப் போயிட்டான். போனை எடுக்க மாட்டேங்கிறான்."

"அவர்தான்னு எப்படிச் சொன்னீங்க?"

"பின்கதவைத் தூக்கித் தள்ளினா தாழ்ப்பாள் தானா நழுவிடும். அது வெளியாளுக்குத் தெரியாது. அப்புறம் இந்தக் கண்ணாடி." அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். "நான் விளையாட்டு லெவல் பண்ணுவேன் மேடம்."

"என்ன பண்ணுவீங்க?"

கொசுறு நிமிர்ந்து பார்த்தான். விளக்கம் அவனுக்குத் தேவைப்படவில்லை. காவலாளிகள் கண்ணில் படாமல் ஒரு வீட்டுக்குள் புகுந்து பொருளை எடுத்துவரும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. ஆடுகிறவர்களே புது வீடுகள் கட்டி மற்றவர்களை ஆடவிடலாம். அப்படிக் கட்டும் ஒவ்வொன்றும் ஒரு லெவல். ஊருக்குள்ளேயே அந்த விளையாட்டுக்கு ஒரு குழு உண்டு. அதில் கொசுறுவும் இருந்தான்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதான். அதனால இதையே லெவலா கட்டினேன்," என்றாள் அவள். "பின்கதவு, மாடிப்படி, நடைவழி, எல்லாம் அச்சு அசல் இப்படியே. பட்டறையை மட்டும் ரசவாதி ரூமா மாத்தி, வெறும் ஜாடிகளா வச்சேன். பல்லு கில்லு எதுவும் அதுல இல்ல. வெளியிடறதுக்கு முன்னாடி ஆடிப் பார்த்துக் குறை சொல்றதுக்கு மூணு டெஸ்டர், என் தம்பியையும் சேர்த்து. அந்த லெவல்ல பெட்டிச் சாவி முதல்ல பூந்தொட்டிக்கு அடியில இருந்துச்சு. ரொம்பச் சுலபமா இருக்குன்னு ஒருத்தர் சொன்னதால, போன வாரம் கண்ணாடிக்குப் பின்னாடி மாத்தினேன்."

மேடம் கண்ணாடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜச் சாவி எங்க இருக்கும்?"

அவள் அவர்களைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், அலமாரித் தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சை எடுத்தாள். மேல் தாடையும் கீழ்த் தாடையுமாகச் சேர்ந்த முழு வாய். விரித்துக் காட்டினாள். "இதுக்குள்ள. பல்லுக்கு நடுவுல கடிச்சிட்டிருக்கும். தம்பியோட ஐடியாதான். எவன்க்கா இதுக்குள்ள கையை விடுவான்னு சிரிச்சான்."

"அப்ப நிஜச் சாவி இருக்கிற இடம் அவருக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்ச ஆளு எதுக்கும்மா கண்ணாடியைக் கழட்டணும்?"

அந்தப் பெண் கையிலிருந்த அச்சை மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடியைக் கழட்டினவன் இந்த வீட்டில இருந்தவன் இல்ல. உங்க லெவல்ல இருந்தவன்," என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. "தம்பி போக மத்த ரெண்டு டெஸ்டர் யாரு?"

"குழுவில யாரும் நிஜப் பேர்ல இருக்க மாட்டாங்க. ஒருத்தர் பேரு சுத்தியல். எதைக் கட்டினாலும் குறை சொல்வார். டிரைவிங் டெஸ்ட் எடுக்கிற அதிகாரின்னு மட்டும் தெரியும். இன்னொருத்தர் ரொம்ப நல்ல மாதிரி. எப்பவும் பாராட்டித்தான் எழுதுவார். அவர் பேரு புயல்."

கொசுறு சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புயல் அவன்தான். டெஸ்டர்களின் பெயரை லெவலின் முதல் திரையில் போடுவார்கள் என்பதற்காகக் கை தூக்கியவன். லிங்க் வந்த அன்று சோம்பலாக இருந்தது. அறைத்தோழன் பார்சலிடம், "நீ ஆடிப் பாருடா மச்சான்," என்று தள்ளிவிட்டான். பார்சல் கூரியர் வண்டி ஓட்டுபவன். ஆடிவிட்டு, "செமையா இருக்குடா," என்றான். புயல் உடனே எழுதினான்: சூப்பர். அருமை.

திரும்பிய இடத்தில் மஞ்சள் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பார்சலின் வண்டியில் கொசுறு தினமும் பார்க்கும் அதே மஞ்சள்.

"இந்தப் பெட்டி?" என்றார் மேடம்.

"கூரியர் மேடம். செஞ்ச பல்லை டாக்டருக்கு அனுப்ப. கூரியர்காரர் வாசல்லயே நின்னு வாங்கிட்டுப் போயிடுவார். உள்ள வந்ததே இல்ல."

"ம்," என்றார் மேடம்.

*

டிரைவிங் டெஸ்ட் மைதானத்தில் வெயில் கொளுத்தியது. எட்டு வடிவக் கோட்டில் ஒரு கார் தடுமாறிக்கொண்டிருந்தது. குடைக்கு அடியில் அமர்ந்திருந்த சுத்தியல், தலையைத் தூக்காமலே "பெயில்" என்றார்.

"இன்னும் வண்டி நிக்கவே இல்லையே சார்?" என்றார் மேடம்.

"அதான் பெயில்."

திருட்டு நடந்த மதியம் அவர் இங்கேதான் இருந்தார். பெயிலான ஒரு கூட்டமே சாட்சி சொல்லும். மேடம் விஷயத்தைச் சொன்னதும் மனிதரின் முகம் மாறிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்து, உட்காரச் சொன்னார்.

"நான் ரொம்பக் குறை சொல்றவன்னு அந்தம்மா சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க."

"டெஸ்டர் வேலையே அதுதானே மேடம். கட்டினவங்களுக்குத் தன் வீட்டுல எது எங்க இருக்குன்னு தெரியும். அவங்க கண்ணுக்கு ஓட்டை தெரியாது. நாமதான் முட்டணும். நான் எல்லாச் சுவரிலும் முட்டிப் பார்ப்பேன். போகாதேன்னு சொல்ற இடத்துக்குத்தான் முதல்ல போவேன். எங்க மாட்டினேன், அதுக்கு முன்னாடி என்ன செஞ்சேன், என்ன நடக்கும்னு நினைச்சேன், இதைத்தான் எழுதணும். நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு எழுதினா அதை வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?" கொசுறுவைப் பார்த்துத் தலையாட்டினார், அவனும் ஒப்புக்கொள்வான் என்பதுபோல. கொசுறுவும் தலையாட்டித் தொலைத்தான்.

"பிடிச்சிருந்தா சூப்பர்னு சொல்றதுல என்ன சார் தப்பு?" என்று அவன் வாய் தன்னிச்சையாகக் கேட்டுவிட்டது.

"எது சூப்பர்னு சொல்லணும் தம்பி. இல்லேன்னா அது பாராட்டு இல்ல, தட்டிக் கழிக்கிறது. முக்கியமா ஒண்ணு, அவங்க நம்மளை நம்பித் தர்ற லிங்க்கை வேற ஒருத்தன் கையில கொடுக்கக் கூடாது. பாதி கட்டின வீடு அது. கதவு கூட சரியா மாட்டியிருக்க மாட்டாங்க."

கொசுறு செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான். அவனுக்கு ஒரே ஒரு பிடிமானம் மிச்சம் இருந்தது. பார்சலிடம் அவன் லிங்க் கொடுத்தது முதல் தடவை மட்டும். அதில் சாவி பூந்தொட்டிக்கு அடியில். கண்ணாடி வந்தது போன வாரம். அப்படியென்றால் பார்சலுக்குக் கண்ணாடி விஷயம் தெரிய வழியில்லை. பார்சல் இல்லையென்றால் தானும் இல்லை.

"மாத்தினதும் புது லிங்க் அனுப்பினாங்களா சார்?" என்று கேட்டான்.

"எதுக்கு? பழைய லிங்க்லயே புதுசை ஏத்திடுவாங்க. அதையே திறந்தா மாறியிருக்கும்."

பிடிமானம் கையோடு பிய்த்துக்கொண்டு வந்தது.

"நான் முதல்லயே எச்சரிச்சேன் மேடம்," என்று சுத்தியல் தொடர்ந்தார். அவர் குரலில் இப்போது அதிகாரம் இல்லை. "அந்த லெவல்ல மாடிப்படி ஒண்ணு ஓரத்துல உடைஞ்சிருக்கும். உடைஞ்ச படியைக் கற்பனையில யாரும் கட்ட மாட்டாங்க. இது நிஜ வீடு மாதிரி இருக்கு, வெளியிடாதீங்க, அமைப்பை மாத்துங்கன்னு எழுதினேன். அந்தம்மா யோசிச்சாங்க. அப்புறம், புயல் ஒண்ணும் மாத்த வேணாம்னு சொல்றார், எல்லாமே அருமையாம், அப்படியே விட்டுடறேன்னு பதில் போட்டாங்க. நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். நான் எப்பவும் குறை சொல்றவன்தானேன்னு அவங்க விட்டுட்டாங்க."

எட்டுக் கோட்டில் அடுத்த கார் கிளம்பியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

*

மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த கொசுறு, டயர் கடை தாண்டியதும் அவர் தோளைத் தட்டினான்.

"மேடம், ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"புயல் நான்தான் மேடம்."

"தெரியும்."

"எப்படி?"

"அந்த வீட்டில கண்ணாடியைப் பார்த்து ஒரு ஜோக் அடிச்ச. புயல்னு பேர் வந்ததுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. ஒரு அலமாரி நிறைய பல்லு, நீ வாயே திறக்கல. இதைவிடப் பெரிய தடயம் எனக்கு என்ன வேணும்?"

கொசுறு வண்டியிலிருந்து இறங்கினான். எல்லாவற்றையும் சொன்னான். சோம்பலை, லிங்க்கை, பார்சலை, மஞ்சள் பெட்டியை. ஆடாமலே இரண்டாம் தடவையும் 'ஒண்ணும் மாத்தாதீங்க' என்று எழுதியதை.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பக்கத்திலயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டினவன் மேடம் அவன். அவனா இருக்காதுன்னுதான் தோணுது."

"அவனா இல்லையான்னு கேட்டா உண்மையைச் சொல்வானா?"

கொசுறு யோசித்தான். பார்சலை அவனுக்குத் தெரியும். குற்றம் சொன்னால் எகிறுவான். உதவி கேட்டால் உயிரைக் கொடுப்பான். அந்த நினைப்பு வந்ததுமே, செய்யப்போவது என்னவென்று புரிந்து, தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"கேட்க வேணாம் மேடம்," என்றான் மெல்ல. "உதவி செய்யச் சொல்லலாம்."

*

சலவைக் கடைக்கு மேலே இருந்தது அவர்கள் அறை. பார்சல் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கட்டிலில் சாய்ந்திருந்தான். கதவு ஒருக்களித்திருக்க, மேடம் வெளியே படிக்கட்டில் நின்றார்.

கொசுறு கம்ப்யூட்டரைத் திறந்து லெவலை ஓடவிட்டான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வீட்டின் நீலக் கதவு அவன் முன்னால் நின்றது.

"மச்சான், இன்னைக்கு இதுக்கு ரிப்போர்ட் அனுப்பியே ஆகணும்டா. சாவி கிடைக்கவே மாட்டேங்குது."

"எத்தனை நாள் கழிச்சு ஆடுற! கண்ணாடிக்குப் பின்னாடி பாரு."

"பார்த்தேன்டா. அங்க இல்ல." பொய். நடைவழிக்கே அவன் இன்னும் போகவில்லை. "ஏதோ மாத்திட்டாங்க போல. ரொம்ப நேரமா சுத்தறேன்."

பார்சல் கொட்டாவி விட்டான். கண்ணைத் தேய்த்துக்கொண்டான். நண்பன் தவிப்பதைப் பொறுக்க முடியாத அதே பழைய அக்கறையோடு சொன்னான்: "பின் ரூமுக்குப் போடா. தட்டுல மாவுப் பல்லு வரிசையா இருக்கும் பாரு. அதுல ஒரு வாயி லேசா திறந்திருக்கும். உள்ள கையை விடு."

கொசுறு மவுசிலிருந்து கையை எடுத்தான்.

"இதுல பல்லே கிடையாதுடா," என்றான். "பின் ரூம்ல வெறும் ஜாடிதான் மச்சான்."

சலவைக் கடையில் இயந்திரம் சுற்றும் சத்தம் தரை வழியே கேட்டது. பார்சலின் வாய் திறந்தபடியே இருந்தது. மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவரைப் பார்த்தும் பார்சல் எழுந்து ஓடவில்லை. கால்களைக் கட்டிலில் இழுத்து வைத்துக்கொண்டு, குழந்தைபோல முழங்காலில் முகத்தைப் புதைத்தான்.

"எடுக்கணும்னு போகலடா. நீலக் கதவைப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு, நம்ம பல்லு அக்கா வீடுன்னு. எத்தனை தடவை ஆடினேன் தெரியுமா? முந்தாநாள் கூரியர் பெட்டி வாங்கப் போனேன். யாரும் இல்ல. பின்னாடி போய், ஆட்டத்துல வர்ற மாதிரியே கதவைத் தூக்கித் தள்ளிப் பார்த்தேன். சும்மா பார்த்தேன்டா. அது திறந்துக்கிச்சு. திறந்திருக்கக் கூடாதுடா அது." மூக்கை உறிஞ்சினான். "உள்ள எல்லாம் அப்படியே இருந்துச்சு. உடைஞ்ச படிகூட. ஆட்டம் மாதிரியே இருந்துச்சு. கண்ணாடிக்குப் பின்னாடி சாவி இல்லேன்னதும் தேடினேன், திறந்திருந்த ஒரு வாய்க்குள்ள கண்ணுல பட்டுச்சு. கையில தங்கம் வந்ததுக்கப்புறம்தான் ஆட்டம் இல்லன்னு உறைச்சுது. திரும்பக் கொண்டுபோய் வைக்கத் தைரியம் வரல."

தலையணை உறைக்குள்ளிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். கொசுறு வாங்கவில்லை. வாங்க அவனுக்குக் கை வரவில்லை. மேடம்தான் வாங்கினார்.

"என்னை ஏமாத்திட்டியேடா," என்றான் பார்சல், கோபமில்லாமல்.

"ஆமாடா," என்றான் கொசுறு. தான் கொடுத்த லிங்க்கில் தொடங்கியதுதான் இத்தனையும் என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

*

பல்செட் பெண் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முதலில் போனை எடுத்துத் தம்பிக்கு ஒரு செய்தி பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். "நீ இல்லடா. நான்தான் தப்பு," என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அதன் பிறகே வாசலில் தலை குனிந்து நின்ற பார்சலைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட நீங்களே வந்து சொல்லணும்," என்றாள். "அவர் என்ன முடிவு எடுக்கிறாரோ எடுக்கட்டும்." பார்சல் தலையாட்டினான்.

கொசுறு தான் செய்ததைத் தானாகவே சொன்னான், மேடம் தள்ளிவிடும்வரை காத்திருக்காமல். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப நீங்கதான் புயல்."

"ஆமாங்க."

"மாடியில ஒரு ஜன்னல் வச்சிருந்தேன். அதைக் கட்டத்தான் ரொம்ப நாள் ஆச்சு. எட்டிப் பார்த்தீங்களா?"

'சூப்பரா இருந்துச்சுங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழகிய நாக்கு. கொசுறு அதை விழுங்கினான்.

"இல்லீங்க. ஜன்னல் இருக்கிறதே தெரியாது. நான் உள்ளேயே போகல."

"என் தம்பி பார்த்தான். ஜன்னல் நல்லா இல்லக்கா, வெளிச்சம் தப்பான பக்கத்திலேர்ந்து வருதுன்னான். எனக்குக் கோபம் வந்திடுச்சு. உங்க மெசேஜைக் காட்டி, விஷயம் தெரிஞ்சவங்க எப்படிச் சொல்றாங்க பாருடா, உனக்கு என்ன தெரியும்னு திட்டினேன். திருட்டுக்கு முன்னாடியே அவன்கிட்ட முகத்தைத் தூக்கி வச்சிட்டிருந்தேன். அதான் அன்னைக்கு வாயில அவன் பேரு அவ்வளவு சுலபமா வந்திடுச்சு."

இதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது என்று கொசுறுவுக்குத் தெரியவில்லை. தங்கம் திரும்பி வந்துவிட்டது. இது எந்தப் பொட்டலத்தில் இருக்கிறதென்று யார் கண்டுபிடித்துத் தருவது?

போன் அடித்தது. அவள் நடைவழிக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "வர்றேன்னு சொல்லல மேடம். ஆனா எங்க இருக்கேன்னு சொன்னான்."

"இடத்தைச் சொல்லுங்க, நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்," என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார் மேடம். கொசுறுவும் எழுந்தான்.

"நீங்க இருங்க," என்றாள் பல்செட் பெண். கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்கார்ந்து ஆடுங்க. நான் பின்னாடி நிக்கிறேன், எதுவும் சொல்லித் தர மாட்டேன்."

கொசுறு உட்கார்ந்தான். திரையில் நீலக் கதவைத் திறந்தான். இருட்டான நடைவழியில் நாலடி வைத்தவன் எதிலோ முட்டிக்கொண்டு நின்றான். பின்வாங்கினான், மறுபடி முட்டினான். அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் பின்னாலிருந்து கேட்டது.

"இங்க மாட்டிக்கிட்டேங்க," என்றான். "இடது பக்கம் வழி இருக்கும்னு நினைச்சுத் திரும்பினேன். ஒண்ணுமே தெரியல."

"சரி," என்றாள் அவள். "இன்னும் சொல்லுங்க."